ஆள் தெரிதல் : வேலூர் மருத்துவப் பள்ளி வரலாற்றில் ஒரு கூறு

ஒரு வினையை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் அவரை எங்ஙனம் அறிவது என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது ஆளை ஆராய்ந்து தெளிவது பற்றியது. பின்னது தெளிந்த ஆளை அவர்க்கு ஏற்ற வினையில் நிறுத்துவது பற்றியது. இரண்டும் ஒன்றெனக் கருதுவார் பலர். வள்ளுவர் அங்ஙனம் கருதினாரல்லர். ஆயினும் இரண்டிடத்தும் அவர் நம்புவது ஆராய்வானுடைய கண்ணையே ஆகும். குணமும் குற்றமும் நாடி, மிகுதி எதுவெனக் காணும் பொறுப்பு அரசன்மேலது.

இதற்கு நேர்மாறான நெறியொன்றும் தமிழகத்தில் இருந்தது. முதற் பராந்தக சோழனின் ஆட்சியில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்தரமேரூரில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகளை வரலாறு பயில்வார் அனைவரும் அறிவர். வாரியத்தில் அமர விரும்புவான் கால் வேலி இறைநிலம் உடையவனாய், தன் மனையில் வீடு கட்டிக்கொண்டவனாய், முப்பத்தைந்து அகவைக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் உள்ளவனாய், மறைநூற் பயிற்சி உடையவனாய் இருத்தல் வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன்றன் உறவினரும் விலக்கப்பெற்றனர். தகுதி உடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். அது பார்ப்பனர் ஊராதலின் ஏனையோர்க்கு அங்கு இடமில்லை என்பதையும் மறத்தலாகாது. ஈண்டு நாம் கருதுவது வேறொன்று. தகுதி இன்னதென வரையறுத்தபின், ஆளை நேரிற் கண்டு எடைபோடும் உரிமையை அச்சபையார் எவர்க்கும் கொடுக்கவில்லை. கண் பொய்க்கும், கண்ணுடையான் சுற்றத்தாரை நோக்குவான் என்னும் ஐயமே குடவோலையின் உயிர்.

கண்ணை நம்பும் நெறி ஒன்று. கண்ணை ஐயுறும் நெறி ஒன்று. இவ்விரண்டும் ஒரே நிறுவனத்தில், ஒரு நூற்றாண்டுக் காலத்துள், ஒன்றன்பின் ஒன்றாக நின்ற வரலாற்றை வேலூரிற் காண்கிறோம். கிறித்தவ மருத்துவக் கல்லூரி என இன்று வழங்கும் அப்பள்ளியின் புகழை விரித்தல் நம் நோக்கமன்று. அப்பணியை நாடியவர் யார், அவர்களை எவர் எவ்வாறு தெரிந்தெடுத்தனர், தெரிந்தெடுக்கும் உரிமைபற்றி எழுந்த பூசல்கள் யாவை என்பனவே ஈண்டு ஆராயப்பெறும்.

முதற்கண் நிலத்தை நோக்குவாம். வேலூர்க்குத் தெற்கே ஆரணி செல்லும் பெருவழியில் உள்ளது கணியம்பாடி. வேலூர்க்கும் அதற்கும் இடைப்பட்ட பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. மேற்கே பாலாற்றின் ஓரமாக ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்கள் தொடர்கின்றன, கிழக்கே இராணிப்பேட்டை. ஆவாரம்பட்டையிட்டுத் தோலைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு வேரூன்றிவிட்டது. ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு வயலில் நடவும் களையும், தோல் ஷாப்பில் கூலி வேலையும் இருந்தன. அந்நாளில் தோல் பதனிடும் சாலையை மக்கள் ஷாப்பு என்றே வழங்கினர். அச்சொல் இன்றும் அப்பக்கத்து வாய்மொழியில் வாழ்கின்றது. எழுத்தறிந்த பெண்ணுக்கோ ஆசிரியைப் பணி ஒன்றே உண்டு. அதுவும் பெரும்பாலும் மிஷன் பள்ளிகளில். ஒரு பெண் தனக்கெனத் தொழிலொன்றை ஆராய்ந்து தெரிந்துகொள்வது என்பது எண்ணத்திற்கே எட்டாத செய்தி.

மருத்துவம் பெண்டிர்க்கு முற்றும் மூடிய கதவாக இருந்தது என்று சொல்லுதல் பொருந்தாது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லிப் முதலிய மகளிரைச் சேர்த்துக்கொண்டது. பெண்டிர் மருத்துவ உதவிக்கென டஃபரின் நிதி 1885இல் தோன்றியது. பஞ்சாபின் லூதியானாவில் மகளிர்க்கென ஒரு மருத்துவப் பள்ளி 1894இல் தொடங்கப்பெற்றது. ஆனால் சென்னையிற் படித்த சிலர் வட ஆர்க்காட்டுச் சிற்றூரின் பிள்ளைப்பேற்று அறைக்கு வந்து சேர்வது அரிதினும் அரிது.

இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்தவர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார். பாட்டனார் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்தில் மருத்துவப்பணி ஆற்றிப் பின் தமிழகம் போந்தவர், தந்தையும் மருத்துவர். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தைக் கண்ட அச்சிறுமி, பெற்றோர் தொழிலை ஒருகாலும் ஏலேன் என உறுதி கொண்டாராம். அமெரிக்காவிற் பள்ளிக்கல்வி முடித்து, நோயுற்ற தாய்க்குத் துணையாகச் சின்னாள் இருந்து மீளும் எண்ணத்தோடு 1890இல் திண்டிவனம் வந்தார். அங்கே ஓரிரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இசுலாமியர், மற்றவரும் உயர்குல இந்து. மூவர் வீட்டிலும் பிள்ளைப்பேற்றில் வருந்தும் இளமனைவியர். ஆண் மருத்துவராகிய தந்தையார் வருதற்கு அவர்கள் இசையவில்லை. மருத்துவம் அறியாத ஐடாவால் போய்ப் பயனில்லை. விடிந்தபோது மூன்று பெண்டிரும் இறந்துபட்டனர்.

இந்நிகழ்ச்சி அம்மையார் வாய்மொழியாகவே நமக்குக் கிடைத்துள்ளது. அவர் பிற்காலத்தில் பொருள் திரட்டச் சென்ற இடமெல்லாம் இதனைச் சொன்னார். பலமுறை சொல்லப்பெற்ற கதை சொல்லச் சொல்லத் திருத்தமுறும் என்பதை நாம் அறிவோம். மூவரும் ஓரிரவில் நிரல்பட வந்தமை, கேட்போர் மனத்திற் பதியும் வடிவம் உடையது. ஆயினும் அக்காலத்துப் பேற்றறைகளின் நிலையை நோக்குவார்க்கு இதன் உட்பொருளில் ஐயம் எழாது. அதன்பின் அவர் செய்தது ஏட்டில் உள்ளது. 1895இல் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, பின் கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் வங்கியாளர் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த பதினாயிரம் டாலரோடு 1900ஆம் ஆண்டு பிறக்கும் நாளில் இந்தியா மீண்டார்.

வந்த சில திங்களில் தந்தையார் மறைந்தார். முதுமருத்துவர் ஒருவரின்கீழ்ப் பழகலாம் என வந்தவர் தனித்து நின்றார். வீட்டின் சிற்றறை ஒன்றே மருத்துவச் சாலை. அவர் தம்மை ஊரார் தெரிந்தெடுப்பதற்காகக் காத்திருக்க வேண்டியவரானார் என்பதை இங்குக் குறித்தல் தகும். பட்டம் இருந்தது, பொருள் இருந்தது, நோயாளிகள் வரவில்லை. இளம்பெண், அயல்நாட்டவள், மருத்துவனின் மகளேயன்றி மருத்துவர் அல்லள் என்பது ஊரார் கருத்து. அக்கருத்து மாறிய பின்னரே 1902இல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது. குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியில் சென்று மரநிழலில் மருந்து கொடுக்கும் வழக்கமும் அந்த முதற் பத்தாண்டிலேயே தோன்றியது.

ஒருவர் கையால் எத்துணைப் பேரைத் தொட இயலும்? 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கியது. பிறர் குருதியையும் கழிவையும் தொடும் வேலை தாழ்ந்தது என்னும் கருத்து அந்நாளிற் சாதி எல்லைகளைக் கடந்து நிலவியது. மகளைச் செவிலியாக்குவதைக் குடும்பப் பழி எனக் கருதியவர் பலர். ஆகவே தொடக்கத்தில் வந்த பெண்டிர் பெரும்பாலும் கிறித்தவ இல்லத்தவர். பள்ளி விடுதிகளில் வளர்ந்தவர். அவர்க்கும் இது எளிய முடிவன்று. ஆசிரியைப் பணி அழுக்குப் படாதது. அவரைக் கொள்ளும் மணமகனும் எளிதிற் கிடைப்பான்.

அடுத்து எழுந்ததே மருத்துவப் பள்ளி. மகளிர்க்கென ஒரு பள்ளி தொடங்க ஒப்புதல் கேட்டபோது, சென்னை மாகாண மருத்துவத் தலைவராயிருந்த கர்னல் பிரைசன் பெரிதும் ஐயுற்றார். ஆறு பெண்கள் விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்று அவர் சொன்னதாக அம்மையாரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். விண்ணப்பங்கள் அதனினும் பன்மடங்கு வந்தன. எனவே, ஆள் கிடைப்பரோ என்று கவன்ற பள்ளி, வந்தவருள் யாரை விடுப்பது எனக் கலங்கும் பள்ளியாயிற்று. வேலூரில் ஆள் தெரிதல் என்னும் சிக்கல் பிறந்த நாள் அதுவே. 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். எல்.எம்.பி. என்னும் உரிமச் சான்றுக்குரிய படிப்பு அங்கு நடைபெற்றது. 1922இல் முதல் அணியினர் பதினால்வர் தேறி வெளிவந்தனர்.

அப்பதினால்வரை எதனைக்கொண்டு தெரிந்தார்கள்? பள்ளியிறுதித் தேர்ச்சி ஓர் அளவை. மற்றையது கண்ணும் செவியுமே. அவர்களை அறிந்த ஆசிரியைமார் கடிதமும், நேரிற் கண்ட அம்மையார் கருத்தும் முடிவு செய்தன. சிறிய நிறுவனத்திற்கு இது இயல்பு. நூறு குடும்பங்களை ஒருவர் அறிந்திருக்கும் காலத்தில் தெரிந்து தெளிதல் இடர்ப்பாடின்றி நடக்கும். ஆனால் ஒருவர் அறியாத குடும்பத்துப் பெண் அத்தேர்வின் வாயிலைக்கூடக் காணாள். இந்நெறியின் நன்மையும் தீமையும் ஒரே வேரின.

எல்.எம்.பி. சான்று பெற்றவர் நிலை பற்றி ஒரு சொல் கூறவேண்டும். அரசுப் பணியில் இவர்கள் துணை உதவி அறுவையாளர் என்னும் கீழ்ப்படியில் நின்றனர். எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவர்க்குச் சம்பளமும் மதிப்பும் மிகுதி. வேலையோ பல இடங்களில் ஒன்றே. நாடெங்கும் உரிமச் சான்றுடைய மருத்துவர்கள் சங்கம் அமைத்து முறையிட்டனர். ஒரே வினைக்கு இரு படி ஏன் என்னும் அப்பூசலை இரு வழியில் தீர்க்கலாம். கீழ்ப்படியாரை உயர்த்தலாம், கீழ்ப்படியையே எடுத்துவிடலாம். சென்னை அரசு இரண்டாவதைத் தேர்ந்தது. இராசாசி தலைமையிலமைந்த அமைச்சரவைக் காலத்தில், 1938இல், எல்.எம்.பி. படிப்புக்கு இனி ஆள் சேர்த்தலாகாது என ஆணை பிறந்தது. ஒரே தரமான அடிப்படை மருத்துவர் போதும் என்பதையே 1946இல் போர் குழுவினரும் பரிந்துரைத்தனர். கொள்கை அளவில் இதனைக் குறைகூற இயலாது. எனினும் சிற்றூர்க்குச் சென்றவர் பெரும்பான்மையும் அக்கீழ்ப்படியாரே என்பதை நினையாமல் இருக்க நம்மால் முடியவில்லை.

வேலூர்ப் பள்ளிக்கு அவ்வாணை பேரிடியாயிற்று. எம்.பி.பி.எஸ். நடத்துவதாயின் மேற்பட்டம் பெற்ற ஆசிரியர்கள், மிகுதியான படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள் வேண்டும். அறுபத்தேழு அகவையை எட்டிய அம்மையார் பொருள் தேடி மீண்டும் அமெரிக்கா செல்லவேண்டியதாயிற்று. அங்கேதான் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத பூசல் எழுந்தது. பல திருச்சபைகள் ஒன்றுகூடித் தரக்கூடிய பொருள் ஒரு கல்லூரிக்கே போதுமாதலின், ஆடவரையும் சேர்த்து இந்தியா முழுமைக்கும் ஒரு கல்லூரி காண்பதே வழி என ஒரு சாரார் கூறினர். அமெரிக்க மகளிர் சங்கங்கள் இதனை வன்மையாக எதிர்த்தன. லூசி பீபாடி அம்மையார் எதிர்ப்பின் தலைவி. கீழை நாட்டு மகளிர் கல்லூரிகள் ஏழிற்கு 1920களில் பெரும்பொருள் திரட்டிக் கொடுத்தவர் அவர். அவ்வேழனுள் வேலூரும் ஒன்று. மகளிர் மகளிர்க்கெனக் கொடுத்த பணத்தில் ஆடவர் படிப்பதோ என்பது அவர் வினா.

அவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. ஒரே இடத்திற்கு ஆணும் பெண்ணும் போட்டியிட்டால் தெரிபவர் கண் எப்பக்கம் சாயும்? அக்காலத்துத் தெரிவுக் குழுக்களில் அமர்ந்தவர் யார்? இன்னொரு புறம், கல்லூரியே இல்லாதொழியின் பெண்டிர்க்கும் இடமில்லை. ஸ்கடர் அம்மையார் இரண்டாவதைத் தேர்ந்தார். நெடுங்காலத் தோழியர் மனம் பிரிந்தனர். மகளிர்க்குத் தீங்கிழைத்தார் என்னும் பழி, வாழ்நாள் முழுதும் மகளிர்க்கு உழைத்தவர்மேல் வந்தது. 1942இல் மகளிர்க்கு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947இல் முதன்முறையாக ஆடவர் சேர்க்கப்பெற்றனர். தொழுநோய் ஆராய்ச்சியிற் பெயர்பெற்ற இராபர்ட் காக்கரேன் முதல்வராயிருந்து கல்லூரியை உயர்த்திய காலம் அது. பல்கலைக்கழகத்தின் முழு இணைப்பு 1950இல் கிட்டியது. விடுதலைக்குப்பின் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராக அமர்ந்தவர் ஹில்டா லாசரஸ் அம்மையார். பெண் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

காக்கரேன் அழைப்பால் 1946இல் வந்தவர் பால் பிராண்டு. கொல்லிமலையிற் பிறந்து வளர்ந்த இவர், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தும் முறையை வேலூரில் வகுத்தார். அவர் எழுதியுள்ள செய்தியொன்று நம் பொருளுக்கு மிக அணுக்கமானது. கை திருந்திய நோயாளி சிலர் மீண்டு வந்து, இக்கை எமக்குப் பயன்படவில்லை என்றனராம். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது. நிமிர்ந்த கைக்கு அதுவும் விழவில்லை. தொழுநோயர் என்று அறிந்த எவரும் வேலையும் கொடுக்கவில்லை. தகுதி உண்டாகியும் தெரிவார் இல்லாத நிலை! இதற்கெனவே கல்லூரி நிலத்தில் நவசீவ நிலையம் 1951இல் தோன்றிற்று. அங்கே மரவேலை முதலியன கற்பிக்கப்பெற்றன. உணர்விழந்த பாதத்திற்குப் புண் வாராது காக்கும் செருப்பை ஆக்கும் முயற்சியும் வேலூரிலும், 1955இல் நிறுவப்பெற்ற கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் நடந்தது. பஞ்சுபோன்ற நுண்துளை இரப்பர் அடியும் தோல்வாரும் கொண்ட அச்செருப்பைத் தைக்க, அறுவை மருத்துவரும் செருப்புத் தைக்கும் தொழிலாளரும் ஒருங்கிருந்து உழைத்தனர். தோல் நாட்டில் அல்லது வேறெங்கு இது எளிதில் நிகழும்?

மேரி வர்கீசு அம்மையார் வரலாற்றையும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். கேரளத்தினின்றும் வந்து வேலூரிற் பயின்று, மகப்பேற்று மருத்துவத்தை மேற்கொண்டிருந்த இவர், 1954 சனவரியில் நேர்ந்த வண்டி விபத்தில் இடுப்புக்குக்கீழ் உணர்விழந்தார். எந்தத் தெரிவுக் குழுவும் அவரை அறுவைக்குரியவராகக் கொண்டிராது. பிராண்டோ, கையறுவைக்கு நிற்க வேண்டுவதில்லை, இருந்தே செய்யலாம் எனக் கண்டு அழைத்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயர் கைகளை அவர் சீர்செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டு, 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்திற்குத் தலைமை தாங்கினார். 1972இல் பத்மசிறீ விருது பெற்றார். ஆளை வினைக்கு ஏற்பத் தேடுவதேயன்றி, வினையின் உண்மைத் தேவை இன்னதெனப் பகுத்துணர்ந்தால் விலக்கப்பெற்ற ஆளும் உரியவராவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம் ஆராய்ச்சியிற் கிடைக்கவில்லை. வள்ளுவர் இரண்டு அதிகாரம் வகுத்ததன் காரணமும் இங்கே விளங்குகின்றது.

இனி, வேலூர்க்கே உரியதாகப் பேசப்பெற்ற நேர்காணல் முறைக்கு வருவாம். கல்லூரி வளர்ந்தபின் நாட்டின் பல நகரங்களில் எழுத்துத் தேர்வு நடத்தப்பெற்றது. அதில் முன்னின்றவருள் ஒரு பகுதியினர் வேலூர்க்கு அழைக்கப்பெற்றனர். ஏனைய கல்லூரிகளிற்போலக் கால்மணி நேரக் கேள்வியோடு அது முடியவில்லை. இளைஞர் சில நாள் அங்கே தங்கினர். தனித்தனியே வினவப்பெற்றதோடு, குழுவாகக் கூடி ஒரு செயலைச் செய்து முடிக்கவும் ஏவப்பெற்றனர். தான் முந்துபவன் யார், தளர்ந்தவனைத் தாங்குபவன் யார், தோற்றபோது முகம் சுளிப்பவன் யார் என ஆசிரியர்கள் நோக்கினர். இடங்களுட் பல திருச்சபைகளின் பரிந்துரைக் கடிதம் பெற்றவர்க்கு உரியன. படிப்பு முடிந்தபின் அச்சபையார் காட்டும் மருத்துவமனையில் ஈராண்டு பணி செய்வதாக மாணவர் உடன்படிக்கை எழுதிக் கொடுத்தனர். அம்மருத்துவமனைகள் பெரும்பாலும் நகரங்களில் இல்லை.

இம்முறையால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர். உடன்படிக்கையும் நேர்காணலும் சேர்ந்து, போக விருப்பமில்லாதவரை முன்பே விலக்கின. ஆயினும் முறையின் குறைகளை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. பரிந்துரைக் கடிதம் தரும் சபையில் செல்வாக்குடைய குடும்பத்துப் பிள்ளைக்கும், அச்சபைக்குப் புறத்தே நின்ற பிள்ளைக்கும் வாயில் ஒரே அகலம் உடையதன்று. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவன் அறிவுடையவனாகத் தோன்றுவது எந்த நேர்காணலிலும் நிகழும் மயக்கம். நாணிப் பேசும் சிற்றூர்ப் பெண்ணின் அமைதியை ஒருவர் அடக்கம் என்பார். ஒருவர் ஆற்றலின்மை என்பார். தெரிபவர் எத்துணை நேர்மையுடையவராயினும் தம்மை ஒத்தவரையே விரும்புவது மாந்தர் இயல்பு. உத்தரமேரூர்ச் சபையார் அஞ்சியதும் இதுவே அன்றோ?

கணியம்பாடி வட்டாரத்தில் இதே கல்லூரி கையாண்ட மற்றொரு தெரிவு முறை இதற்கு ஒப்புநோக்கத்தக்கது. ஊர்நல மருத்துவத் துறையினர் அவ்வட்டாரத்துச் சிற்றூர்களைத் தம் பணிக்களமாகக் கொண்டு, நான்கு படியாக ஆள் நிறுத்தினர். அடிப்படியில் ஊருக்கு ஒருத்தியாகப் பகுதிநேர நலப்பணியாளர், அவர்க்கு மேல் நல உதவியாளர், அடுத்து ஊர்நலச் செவிலியர், மேலே மருத்துவர். அடிப்படியில் நிற்பவள் அவ்வூர்ப் பெண்ணே. கருவுற்றவர் யார், பிறந்தது எது, இறந்தவர் எவர், எதனால் என அவள் கொண்டுவரும் செய்தியே எல்லாவற்றிற்கும் அடிப்படை. 1986 முதல் அவை கணிப்பொறியிற் பதியப்பெற்று வருதலின், பிறப்பிறப்பு விவரங்களுக்குக் கணியம்பாடி ஏடுகளை உலக மருத்துவ ஆய்வாளர் பலரும் எடுத்தாள்கின்றனர். தற்கொலைச் சாவுகளின் உண்மை அளவு அரசுக் கணக்கில் உள்ளதினும் மிகுதி என்பதை 2000களில் வெளிப்படுத்திய ஆய்வுகள் இவ்வேடுகளிலிருந்தே எழுந்தன. பேசத் தயங்கும் சாவொன்றைப் பற்றி, இழந்த வீட்டார் வாய்திறந்து சொல்லத்தக்க ஒருத்தியை எந்த எழுத்துத் தேர்வால் கண்டறிவது? அவளை ஊர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வூர்ப் பெண்டிர்க்கு இன்று வேறு வாயில்களும் உள்ளன. காலணித் தொழிற்சாலைகளின் வண்டிகள் விடியலில் ஊர்தோறும் வந்து பெண்டிரை ஏற்றிச் செல்கின்றன. அங்கே முழுநாள் வேலை, திங்கள்தோறும் சம்பளம். பகுதிநேர நலப்பணியில் மதிப்புண்டு, பொருள் குறைவு. தையற்பொறியின்முன் அமர்வதா, பேறுகாலத் தங்கைக்கு உதவியாக வீட்டுத் திண்ணைகள் ஏறுவதா என்பது இன்று கணியம்பாடிப் பெண்ணொருத்தி உண்மையிலேயே எதிர்ப்படும் தெரிவாகும். 1900இல் அவள் பூட்டிக்கு அத்தெரிவு இல்லை.

கல்லூரியின் தெரிவுரிமைமீது நாடு தழுவிய பூசல் 2010இல் எழுந்தது. அவ்வாண்டு இறுதியில் இந்திய மருத்துவக் கழகம் எல்லா மருத்துவக் கல்லூரிகட்கும் பொதுவான நுழைவுத்தேர்வு ஒன்றை அறிவித்தது. நன்கொடை என்னும் பெயரால் தனியார் கல்லூரிகள் பல செய்துவந்த கொள்ளையை நோக்கின், அவ்வறிவிப்பின் காரணம் விளங்கும். குற்றம் செய்தோர்க்கென வகுத்த வேலி குற்றம் செய்யாதோர் நிலத்தையும் வளைத்தது. வேலூர்க் கல்லூரி உச்சநீதிமன்றம் சென்றது. 2013 சூலை 18ஆம் நாள், மூவருள் இருவர் கருத்தால், பொதுத்தேர்வு செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டே சட்டமும் திருத்தப்பெற்றது. அதே 2016இன் தொடக்கத்திலிருந்து நடுவண் அரசின் கீழ்நிலைப் பணிகட்கு நேர்காணலே இல்லை என ஆனமையும் உடன்வைத்து நோக்கத்தக்கது. கண்ணை ஐயுறும் நெறி எல்லாத் துறையிலும் மேலோங்கிய காலம் அது.

2017ஆம் ஆண்டில் கல்லூரி வியத்தகு முடிவொன்றைச் செய்தது. தான் நேரிற் கண்டு தெரிய இயலாத மாணவரைச் சேர்ப்பதினும் சேர்க்காதிருத்தலே மேல் எனக் கொண்டு, எம்.பி.பி.எஸ். இடங்கள் நூறனுள் ஒன்றை மட்டும் நிரப்பியது. அவ்வோரிடமும் படைப்பணியில் உயிர்நீத்தார் குடும்பத்திற்கென நடுவண் அரசு நியமித்தது. தொண்ணூற்றொன்பது இடங்கள் அவ்வாண்டு வறிதே கிடந்தன. ஒரு நிறுவனம் கொள்கைக்காகத் தன்னைத்தானே வருத்திக்கொண்டது எனப் போற்றினர் சிலர். மருத்துவர் பற்றாக்குறை உடைய நாட்டில் தொண்ணூற்றொன்பது பேர் படிப்பை வீணாக்கியது எனச் சினந்தனர் சிலர். நாம் இருவர் பக்கமும் உண்மை காண்கிறோம். ஆயினும், இடம் இழந்த அத்தொண்ணூற்றொன்பது இளைஞர் கருத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை என்பதே எம் மனத்தை உறுத்துவது.

அடுத்த ஆண்டு முதல் பொதுத்தேர்வின் தரவரிசையும் அரசின் கலந்தாய்வும் கொண்டு சேர்க்கை நடைபெறலாயிற்று. 2020 ஏப்ரல் 29ஆம் நாள் உச்சநீதிமன்றம் இறுதித் தீர்ப்புக் கூறியது. பொதுத்தேர்வு சிறுபான்மையினர் உரிமைக்கு முரணன்று, தகுதியைக் காத்து முறைகேட்டை ஒழிப்பதற்கு அரசு வகுக்கும் ஒழுங்கே அது என்பது தீர்ப்பின் சாரம். கல்லூரியின் நெடிய வழக்கு தோல்வியில் முடிந்தது.

தரவரிசை நெறி குறையற்றதோ எனின், அன்று. முகத்தைக் காணாத தேர்வு முகத்திற்காக ஒருவரையும் ஒதுக்காது. ஆனால் பயிற்சி நிலையத்திற்குக் கட்டணம் செலுத்த வல்லவனையும் வல்லமை அற்றவனையும் அது வேறுபடுத்தி நோக்காது. தமிழக அரசு 2021இல் அமைத்த நீதியரசர் ஏ. கே. இராசன் குழு, தமிழ்வழிப் பயின்றோரும் சிற்றூர் மாணவரும் பொதுத்தேர்வால் பின்தள்ளப்பட்டனர் என அறிக்கை தந்தது. அதற்கு முன்னரே, 2020இல், அரசுப் பள்ளி மாணவர்க்கு ஏழரை விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. உத்தரமேரூரிலும் குடத்துள் ஓலை இடுமுன் கால் வேலி நிலம் கேட்டனர். குடம் எல்லார்க்கும் ஒப்பானது. குடத்தருகே வந்து சேரும் வழி ஒப்பானதன்று.

வேலூரில் நேர்காணல் போயிற்று. ஈராண்டுப் பணி உடன்படிக்கை போகவில்லை. முதலாண்டு மாணவர்கள் சில வாரம் கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூரில் தங்கி, வீடுதோறும் சென்று குடும்ப நிலையும் நோய்நிலையும் கேட்டெழுதும் வழக்கமும் உள்ளது. முன்பு ஆசிரியர் சில நாள் நோக்கித் தெரிந்துகொள்ள முயன்ற இயல்புகள் அவ்வூர்களில் தாமாகவே வெளிப்படுகின்றன: மண் தரையில் உட்காரத் தயங்குபவர் யார், கிழவியின் நீண்ட கதையைப் பொறுமையோடு கேட்பவர் யார், பிற மாநிலத்தினின்றும் வந்து நான்கு நாளில் நான்கு தமிழ்ச் சொல் கற்பவர் யார் என்பன. வேறுபாடு ஒன்றே. இப்போது நோக்குவோர் ஊரார். அவர்கள் மதிப்பெண் இடுவதில்லை, எவரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை.